ஏர் ஃபோர்க்கில் கோளாறா? பிரிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

போன சித்திரையில் ஒத்தக்கடைப் பக்கமிருந்து ஒரு கல்லூரித் தம்பி தன் மவுண்டன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "அண்ணே, ஃபோர்க்குல காத்து நிக்க மாட்டேங்குது. தினமும் பத்துப் பாயிண்ட் குறையுது. கடையில கேட்டேன், சீல் போயிருச்சு, பிரிச்சு மாத்தணும்னு சொல்றாங்க" என்றான். தடவிப் பார்த்தேன். எண்ணெய்க் கசிவு இல்லை, குழாயில் கீறல் இல்லை. "குறையுதுன்னு எப்படிப்பா தெரிஞ்சுது?" என்றேன். "தினமும் காலையில பம்பை மாட்டிப் பார்க்கிறேண்ணே."

ஏர் ஃபோர்க் என்பது முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து, உள்ளே அடைத்த காற்றால் குலுக்கலைத் தாங்கும் இரட்டைக் கால். காற்று குறைந்ததற்குக் காரணமே அவன் தினமும் பார்த்ததுதான். ஃபோர்க்குக்குள் காற்று அடைந்திருக்கும் இடம் மிகச் சிறியது, ஏறக்குறைய ஒரு டம்ளர் அளவு. பம்பின் ஹோஸை மாட்டியதும் அந்தக் காற்றில் ஒரு பங்கு ஹோஸுக்குள் வந்துவிடும். மீட்டர் ஐந்து பத்துப் பாயிண்ட் (பி.எஸ்.ஐ.) குறைத்துக் காட்டும். கழற்றும்போது ஹோஸில் இருந்தது புஸ்ஸென்று வெளியே போய்விடும். பத்து நாள் பார்த்தால் பத்துத் தடவை இழப்பு. அவனுடைய சீல் (காற்றையும் எண்ணெயையும் உள்ளே நிறுத்தும் ரப்பர் அடைப்பு) நன்றாகவே இருந்தது.

புதிதாக ஏர் ஃபோர்க் வைத்த சைக்கிள் வாங்கியவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். கோளாறு என்று நினைப்பதில் பெரும்பகுதியை வெளியிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். பம்பு, ஸ்கேல், சோப்புத் தண்ணீர் போதும். பிரிப்பது கடைசி வேலை.

உங்களுடையது ஏர் ஃபோர்க்தானா?

இதை விசாரிக்காமலேயே பலர் ஷாக் பம்பு (ஃபோர்க்குக்குக் காற்றடிக்கும், மீட்டர் வைத்த கைப்பம்பு) வாங்கிவிடுகிறார்கள். மலிவு விலை சைக்கிள்களில் இருப்பது பெரும்பாலும் இரும்பு ஸ்பிரிங் ஃபோர்க். சைக்கிளில் உட்கார்ந்தபடி பார்த்தால், ஃபோர்க்கின் இடது காலின் உச்சியில் கையால் கழற்றக்கூடிய ஒரு மூடி இருக்கும். அதைக் கழற்றினால் பைக் டயரில் இருப்பது போன்ற வால்வு தெரிந்தால் ஏர் ஃபோர்க். கூட்டல், கழித்தல் குறி போட்ட திருகு மட்டும் இருந்தால் ஸ்பிரிங். வலது காலில், ஃபோர்க்கை அசையாமல் பூட்டும் 'லாக் அவுட்' திருகு இருப்பதை வைத்து ஏர் என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்பிரிங் ஃபோர்க்கிலும் அது உண்டு.

உள்ளே நடப்பது என்ன?

இடது காலுக்குள் ஒரு பிஸ்டன். அதற்கு மேலே இருக்கும் பெரிய அறையில் நாம் அடிக்கும் காற்று நிற்கிறது. ஸ்பிரிங்குக்குப் பதிலாக வேலை செய்வது அதுதான். பிஸ்டனுக்குக் கீழே இன்னொரு சின்ன அறை. அதில் இருக்கும் காற்று எதிர்ப்பக்கம் தள்ளுவதால்தான், சின்னக் கல்லில் ஏறினாலும் ஃபோர்க் இறுகி நிற்காமல் அசைகிறது. இப்போது வரும் ஃபோர்க்குகளில் பெரும்பாலும் குழாயின் உட்சுவரில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். பிஸ்டன் அதைக் கடக்கும்போது இரண்டு அறைகளின் காற்றும் சமமாகிவிடும். இந்தச் சமமாதலை மனதில் வையுங்கள். பாதிக் கோளாறுகளின் வேர் அதில்தான் இருக்கிறது.

வலது காலில் டேம்பர். எண்ணெய் சின்னத் துளைகள் வழியாக ஓடி அசைவின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. மேலே லாக் அவுட், கீழே பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் ரீபவுண்ட் திருகு, அதாவது அமுங்கிய ஃபோர்க் திரும்பி நீளும் வேகத்தை மாற்றுவது.

காற்றை ஸ்பிரிங்காக வைப்பது புதுசு இல்லை. 1989இல் ராக்‌ஷாக்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் ஃபோர்க்கான ஆர்எஸ்-1 காற்றிலும் எண்ணெயிலும்தான் வேலை செய்தது.

காற்று அடிப்பது

ஷாக் பம்பு கட்டாயம் வேண்டும். பெட்ரோல் பங்கில் அடித்துக்கொள்ளலாமே என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். டயருக்கு அடிக்கும் இயந்திரம் ஒரு நொடியில் தள்ளும் காற்று இந்தச் சின்ன அறைக்கு மிக அதிகம். நமக்குத் தேவையானது ஐந்து பாயிண்டாக ஏற்றி இறக்கும் நிதானம்.

எவ்வளவு அடிப்பது? ஃபோர்க்கின் காலிலேயே உடல் எடைக்கு ஏற்ற அட்டவணை பெரும்பாலும் ஒட்டியிருக்கும்; அதிகபட்ச அளவும் அதிலேயோ கையேட்டிலேயோ இருக்கும். அதிகபட்சத்தை ஒருபோதும் தாண்டக் கூடாது. அட்டவணை ஆரம்பப் புள்ளிதான். சரியான அளவைச் சொல்வது 'ஸேக்' எனப்படும் இறக்கம், அதாவது நீங்கள் ஏறி நின்றதும் ஃபோர்க் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்பது.

அளக்கும் முறை இது. வண்டி ஓட்டும்போது போடும் ஷூ, பை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றோடும் நில்லுங்கள். லாக் அவுட் திறந்திருக்க வேண்டும். அட்டவணைப்படி காற்றடித்து, பம்பைக் கழற்றிவிட்டு, ஹேண்டில்பாரைப் பிடித்து முதல் கால்வாசி தூரத்துக்கு மெதுவாகப் பத்து முறை அமுக்குங்கள்; மேல் அறையும் கீழ் அறையும் சமமாகட்டும். மறுபடி பம்பை மாட்டினால் அளவு இறங்கியிருக்கும். திரும்ப அடித்து, திரும்ப அமுக்குங்கள். பளபளப்பான மேல்குழாயில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கீழே சீல் வரை தள்ளுங்கள். வளையம் இல்லை என்றால் கேபிள் டை ஒன்றைத் தளர்வாகக் கட்டி, அளந்து முடித்ததும் எடுத்துவிடலாம். சுவரோரமாகச் சைக்கிளை நிறுத்தி, ஒரு தோளைச் சாய்த்து, இரண்டு பெடலிலும் சமமாக எழுந்து நின்று, குதிக்காமல் இறங்குங்கள். சீலுக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளங்கள்.

முழுதாக 100 மி.மீ. அமுங்கும் ஃபோர்க் என்றால் 15 முதல் 20 மி.மீ., 120 மி.மீ. என்றால் 24 முதல் 30 மி.மீ. நல்ல ஆரம்பம். கண்மாய்க்கரையிலும் வண்டிப்பாதையிலும் மட்டும் ஓட்டுகிறவர்கள் குறைந்த பக்கம் வைக்கலாம். நாகமலை அடிவாரச் சரளைக்கும் யானைமலைப் பக்கத்துப் பாறைக்கும் போகிறவர்கள் கூடுதல் பக்கம் வையுங்கள். முன்சக்கரம் தரையைப் பிடித்துப் போகும். அதிகமாக இறங்கினால் ஐந்து பாயிண்ட் கூட்டுங்கள், குறைவாக இறங்கினால் ஐந்து குறையுங்கள், மறுபடி அளங்கள்.

கடைசியில் வந்த பாயிண்டையும் மில்லிமீட்டரையும் தேதி போட்டு எழுதி வையுங்கள். நாளைக்குச் சந்தேகம் வந்தால் பம்பை மாட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஏறி நின்று இறக்கத்தை அளந்தால் போதும். போன வாரம் 20, இன்றைக்கும் 20 என்றால் காற்று எங்கும் போகவில்லை.

ஃபோர்க் தாழ்ந்து கிடந்தால்

காலையில் பார்த்தால் முன்பக்கம் அமுங்கிக் கிடக்கிறது. இங்கே ஒரே ஒரு கேள்விதான்: பம்பை மாட்டினால் மீட்டர் என்ன காட்டுகிறது?

மிகக் குறைவாகவோ பூஜ்யமாகவோ காட்டினால் கசிவு. கசிவுக்கு மூன்று வழிகள்.

முதல் வழி வால்வு. ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டைக் கொஞ்சம் தண்ணீரில் கலக்கி, காற்றடித்த வால்வின் வாயில் இரண்டு சொட்டு விடுங்கள். பார்த்துக்கொண்டே இருங்கள். பெரிய கசிவு நுரை தள்ளும். அது யாருக்கும் தெரியும். சின்னக் கசிவு அப்படி இல்லை. அரை நிமிடம் ஒன்றுமே நடக்காது. பிறகு நீரின் நடுவில் கடுகளவு ஒரு குமிழி எழும்பி, மெதுவாகப் பெருத்து, வால்வின் வாயை அடைத்துக்கொண்டு நின்று, சத்தமில்லாமல் உடையும். அடுத்தது எழும்ப இன்னும் அரை நிமிடம். அதைத் தவறவிட்டுத்தான் பலர் சீல் மாற்றப் போகிறார்கள். குமிழி வந்தால் வால்வுக்குள் இருக்கும் சின்னப் பின்னைக் கால் சுற்று முறுக்குங்கள். பிறகும் வந்தால் பின்னை மாற்ற வேண்டும். கார், பைக் டயர் வால்வில் இருக்கும் அதே வகைப் பின்தான். பஞ்சர் கடையில் அதைத் திருகும் கருவியும் இருக்கும். பின்னைக் கழற்றும் முன் காற்றை முழுவதும் இறக்கிவிடுங்கள்.

இரண்டாவது, வால்வைத் தாங்கியிருக்கும் பெரிய மூடியின் விளிம்பு. அங்கேயும் சோப்புத் தண்ணீர் விடுங்கள். குமிழி வந்தால் மூடிக்கு அடியிலுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்திருக்கும் அல்லது வெட்டுப்பட்டிருக்கும். காற்று இருக்கும்போது இந்த மூடியில் சாவியை வைக்கவே வைக்காதீர்கள். எண்பது நூறு பாயிண்ட் அழுத்தத்தில் அது குண்டு மாதிரி முகத்துக்கு வரும்.

மூன்றாவது வழி கண்ணுக்குத் தெரியாதது: காற்று பிஸ்டனையும் அதற்குக் கீழே உள்ள அடைப்பையும் தாண்டிக் கீழ்க்காலுக்குள் (மேல்குழாய் நுழைந்து ஏறி இறங்கும் வெளிக்கூடு) இறங்குவது. அடையாளம் உண்டு. மேலே காற்று குறைந்திருக்கும், ஆனால் கடைசிப் பகுதி கல் மாதிரி இறுகி, முழுதாக அமுங்காது. அழுத்தும்போது சீலின் உதட்டில் எண்ணெய் நுரைத்து வரும். இப்படி இருந்தால் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

இனி அடுத்த வகை. மீட்டர் சரியான அளவையே காட்டுகிறது, ஆனாலும் ஃபோர்க் தாழ்ந்து கிடக்கிறது. யாரும் உட்காராத நிலையில், மேல்குழாயில் வெளியே தெரியும் நீளத்தை அளங்கள். 100 மி.மீ. ஃபோர்க்கில் ஏறத்தாழ 100 அல்லது சற்றுக் கூடுதலாகத் தெரிய வேண்டும். 80தான் தெரிகிறது என்றால் கீழ் அறையில் காற்று அதிகமாகி, பிஸ்டனை மேலே தள்ளி, ஃபோர்க்கை அமுக்கிப் பிடிக்கிறது. காற்றைச் சடாரென்று திறந்துவிட்டாலோ, இறக்கும்போது நடுநடுவே அமுக்கிச் சமமாக்காமல் விட்டாலோ இது நடக்கும். சரி செய்வது எளிது. பம்பை மாட்டி, அதிகபட்சத்துக்குள் நின்றுகொண்டு, வழக்கத்தைவிடக் கூடுதலாக அடியுங்கள். முன்சக்கரத்தைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரை மேலே இழுங்கள். பிஸ்டன் அந்தச் சிறு பள்ளத்தைத் தொட்டதும் உள்ளே 'ஸ்ஸ்' என்று ஒரு மெல்லிய சத்தம் வந்து, ஃபோர்க் நீளும். பிறகு காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, நடுநடுவே அமுக்கிச் சமமாக்கிக்கொண்டு, வழக்கமான அளவுக்கு வாருங்கள். இரண்டு நாளில் மறுபடி தாழ்ந்தால் பிஸ்டன் சீல்தான் கோளாறு.

வெயிலும் கொடைக்கானலும்

நம் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. காற்றைச் சூடாக்கினால் அழுத்தம் ஏறும். காலை 27 டிகிரியில் 80 பாயிண்ட் வைத்த ஃபோர்க், அக்னி நட்சத்திர வெயிலில் நின்று உள்ளே 45 டிகிரியைத் தொட்டால் 85ஐத் தாண்டும். கதவடைத்த காருக்குள் கிடந்தால் இன்னும் ஏறும். அதனால் எப்போதும் நிழலில், காலையில் அளந்து வையுங்கள். மதியம் இறுக்கமாகத் தெரிகிறதே என்று காற்றைக் குறைத்துவிட்டு, மறுநாள் காலை தொளதொளவென்று ஓட்டுகிறவர்கள் நிறைய.

மலைக்கு எடுத்துப் போனால் கணக்கு வேறு. மதுரை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டர். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் இங்கிருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மேல் அறையில் பெரிய மாற்றம் தெரியாது. உயரம் கூட்டுவதைக் குளிர் குறைத்துவிடும். ஆனால் கீழ்க்காலுக்குள் மதுரைக் காற்று அடைபட்டிருக்கிறது அல்லவா? அது மேலே போனதும் வெளிக்காற்றைவிட இரண்டு மூன்று பாயிண்ட் கூடுதலாகிவிடும். கால் அமுங்க அமுங்க அந்தக் காற்றும் நசுங்குவதால், முழு நீளமும் அமுங்கக் கிடைக்காமல் போகலாம். சில விலை உயர்ந்த ஃபோர்க்குகளில் இதை வெளியேற்றப் பின்பக்கம் பொத்தானே இருக்கிறது. மற்றவற்றுக்கு, முனை வழவழப்பான மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டையைச் சீலின் உதட்டுக்குள் மெதுவாகச் செருகி எடுப்பது வழக்கம். குழாயையும் சீலையும் முதலில் துடைத்துவிடுங்கள். ஸ்குரூடிரைவர், ஊசி, கம்பி எதுவும் கிட்டவே வரக் கூடாது.

மலைக்கே போகாமல் முழு நீளம் கிடைக்கவில்லை என்றால், காற்று அதிகமா என்று முதலில் பாருங்கள். நல்ல கரடுமுரடான பாதையில் ஓட்டி முடித்தபின் ரப்பர் வளையம் மேலே ஐந்து பத்து மில்லிமீட்டர் மட்டும் மிச்சம் வைத்திருந்தால் சரியாகத்தான் இருக்கிறது. தார் ரோட்டில் மட்டும் ஓட்டிவிட்டு முழுதாக அமுங்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம்.

டக் டக் சத்தம், துள்ளல்

பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் டக்கென்று அடித்தால் ஃபோர்க்கைக் குற்றம் சொல்லும் முன் ஹெட்செட்டை, அதாவது ஃபோர்க்கைச் சட்டத்தோடு இணைக்கும் பேரிங்கை, பாருங்கள். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஃபோர்க் சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு விரலை வைத்து, சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் விரலுக்குக் கீழே தெரிந்தால் ஹெட்செட் தளர்ந்திருக்கிறது, முறுக்கினால் போதும். மேல்குழாய் கீழ்க்காலுக்குள் நுழையும் இடத்தில் தெரிந்தால் உள்ளே புஷ் (மேல்குழாய் வழுக்கி ஓடும் உள்வளையம்) தேய்ந்திருக்கிறது. அது கடை வேலை.

சக்கரம் பந்து மாதிரி துள்ளினால் ரீபவுண்ட் வேகமாக இருக்கிறது. அடுத்தடுத்த கற்களில் ஃபோர்க் தாழ்ந்துகொண்டே போனால் மிக மெதுவாக இருக்கிறது. திருகின் மொத்த கிளிக்கை எண்ணி நடுவில் வைத்து, இரண்டிரண்டு கிளிக்காக மாற்றிப் பாருங்கள். காற்றின் அளவை மாற்றினால் இதையும் மறுபடி பார்க்க வேண்டும். எவ்வளவு திருகினாலும் மாற்றமே இல்லை என்றால் டேம்பரில் கோளாறு. புதியவர்கள் டேம்பரைத் திறக்க வேண்டாம். ஹேண்டில்பாரில் இருந்து இயக்கும் லாக் அவுட் பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் கேபிள் தளர்வுதான்.

துடைப்பது

சீலின் ஆயுள் உங்கள் துணியில் இருக்கிறது. திருமங்கலம் பக்கத்துக் கரிசல், மழையில் குழாயில் அப்பி, காய்ந்தால் ஓடு மாதிரி ஆகிவிடும். அதைக் காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். மண்ணே உப்புத்தாள் ஆகிவிடும். ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்து, சுத்தமான துணியால் துடையுங்கள். மேலூர்ப் பக்கச் செம்மண் புழுதிக்கும் இதே கவனிப்புதான். ஓட்டி முடித்த அன்றே செய்தால் இரண்டு நிமிட வேலை.

வாட்டர் சர்வீஸ் கடையில் சைக்கிளைக் கொடுத்தால் சீல் பக்கம் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லி, பக்கத்திலேயே நில்லுங்கள். அந்த வேகம் மண்ணோடு நீரைச் சீலுக்குள் தள்ளும். மேல்குழாயில் தேங்காய் எண்ணெய், சங்கிலி எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம். மெல்லிய எண்ணெய்ப் படலம் இயல்பானது. சொட்டுச் சொட்டாக வழிந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

குழாயில் கீறல் தெரிந்தால் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டாவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. மாட்டினால் அது ஒவ்வொரு அசைவிலும் சீலை அறுக்கும். உடனே கவனியுங்கள்.

கீழ்க்காலைக் கழற்றி எண்ணெய் மாற்றுவது

இந்த ஒரு வேலையைப் பொறுமை உள்ளவர்கள் வீட்டில் செய்யலாம். 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை என்று பல நிறுவனங்கள் சொல்கின்றன. உங்கள் மாடலின் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயின் வகையும் அளவும் மாடலுக்கு மாடல் மாறும்.

சக்கரத்தையும் பிரேக் காலிப்பரையும் கழற்றுங்கள். காற்றை மெதுவாக முழுவதும் இறக்குங்கள். வால்வை மறுபடி அமுக்கி, ஒன்றும் வரவில்லை என்று உறுதி செய்யுங்கள். கீழே ரீபவுண்ட் திருகைக் கழற்றி, இரண்டு கால்களின் அடி போல்ட்டையும் மூன்று நான்கு சுற்று மட்டும் தளர்த்துங்கள். பெரும்பாலும் 5 மி.மீ. ஆலன் கீ. சாவி போல்ட்டிலேயே இருக்க, ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள்தண்டு விடுபடும். பிறகு போல்ட்டை முழுதாக எடுத்து, அடியில் தட்டு வைத்து, கீழ்க்காலை இழுங்கள். வரும் எண்ணெயைக் கவனியுங்கள். கறுப்பு என்றால் நாள் கடந்திருக்கிறது. பால் கலந்த காபி நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மினுமினுப்பு அதிகம் தெரிந்தால் உலோகம் தேய்கிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் கழுவும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. இந்த ரப்பருக்கு அது ஆகாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் போதும். சீலுக்கு அடியிலுள்ள பஞ்சு வளையத்தை எடுத்துக் கழுவி, புது எண்ணெயில் ஊறவைத்து மாட்டுங்கள். கீழ்க்காலைப் பாதி வரை ஏற்றி, அடித் துளை வழியாகச் சிரிஞ்சால் கையேட்டில் சொன்ன அளவு எண்ணெய் விடுங்கள். பல மாடல்களில் ஒரு காலுக்கு 5 முதல் 10 மில்லிதான். போல்ட்டின் வாஷர் நசுங்கியிருந்தால் புதிது போடுங்கள். போல்ட்டுக்கு ஏறத்தாழ 7 நியூட்டன் மீட்டர் போதும். கை பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

காற்றடிக்கும் முன் சைக்கிளை ஒரு ராத்திரி நிறுத்தி, இரண்டு காலுக்கும் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் எண்ணெய்ப் பொட்டு எந்தக் காலுக்கு நேரே விழுந்திருக்கிறதோ அந்த வாஷரை மறுபடி பாருங்கள். தாள் காய்ந்திருந்தால் காற்றடித்து, பத்து முறை அமுக்கி, ஷூ மாட்டி, சுவரோரம் ஏறி நின்று, இறக்கத்தை அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புது எண்ணை எழுதுங்கள்.